ஒரு வருச மணல்

அக்கா, வடையைத் தின்னுட்டு அந்தப் பேப்பரைக் கசக்கி வெளிய எறிஞ்சிராதீங்க. ஒரு நிமிசம் இங்கிட்டுத் திருப்புங்க. ஆங், அதேதான், புதன்கிழமைப் பேப்பர். நீல டிராக்சூட் போட்டு, கோப்பையில பாதியைப் புடிச்சுக்கிட்டு, அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறா பாருங்க, அவ பேரு பிலோமினா. பிடி டீச்சர். மறுபாதியைப் புடிச்சிருக்கிறது அவ பள்ளிக்கூடத்துப் புள்ள. அதுக்கு அங்கிட்டு எண்ணெய் ஊறிப்போயி பாதி மூஞ்சி தெரியுதுல்ல? அது நான்.

சிரிக்காதீங்கக்கா. எண்ணெய் படலைன்னாலும் பாதி மூஞ்சிதான். போட்டோக்காரன் அம்புட்டுத்தான் எடுத்திருக்கான்.

நானும் பிடி டீச்சர்தான். பேரு பாண்டீஸ்வரி. மலையடிவாரத்துல கேர்ள்ஸ் ஸ்கூல்ல பதினாறு வருசமா இருக்கேன். ஆனா பாண்டீஸ்வரின்னு கேட்டா எங்கூருல ஒருத்தருக்கும் தெரியாது. கம்பு மிஸ்னு கேட்டுப் பாருங்க, பஸ் ஸ்டாண்டுல பூக்கட்டுற அம்மாகூட வழி சொல்லும். போல்வால்ட்டுக்கா. நீளக் கம்பைத் தூக்கிட்டு ஓடியாந்து, ஊனி, மேல எந்திரிச்சு, குறுக்க வச்சிருக்கிற கம்பியைத் தாண்டி அங்கிட்டு விழுறது. டிவியில பாத்திருப்பீங்க. சர்ட்டிபிகேட்டுல கோலூன்றித் தாண்டுதல்னு எழுதுவாங்க. காலேஜ் படிக்கையில நான் ரெண்டு மீட்டர் நாப்பது தாண்டுனவ. யுனிவர்சிட்டியில மூணாவது. எங்க சுத்துவட்டாரத்துல அந்தக் கம்பைக் கையில புடிச்ச பொம்பள நான் ஒருத்திதான். நல்லாக் கேட்டுக்கங்க, ஒருத்திதான்.

இவ, இந்தப் பிலோமினா, காலேஜுல என் ரூம்மேட். கோகோ ஆடுவா. நல்லாவே ஆடுவா, இல்லைன்னு சொல்லல. ஆனா கோகோ ஆடுனவ கோகோவோட இருக்கணுமா வேணாமா? நீங்களே சொல்லுங்க.

பொறாமையா? எனக்கா? என்னக்கா நீங்க. அவளைப் பாத்து நான் எதுக்குப் பொறாமைப்படணும். நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

போன வருசம் சூன் மாசம் எங்க மாவட்டத்து பிடி டீச்சருங்க எல்லாருக்கும் மீட்டிங். எங்களுக்கெல்லாம் மேல இருக்கிற ஆய்வாளர் சார் எந்திரிச்சு, இனிமே பொம்பளப் புள்ளைகளுக்கும் போல்வால்ட் வைக்கப் போறோம், யாரு யாரு புள்ளைகளைத் தயார் பண்றீங்கன்னு கேட்டாரு. எல்லாரும் செருப்பையே பாக்குறாங்க. இருவது வருசமா இந்த ஒரு கேள்விக்குத்தான் உக்காந்திருந்தேன். கையத் தூக்குனேன். சபாஷ்னாரு. அம்புட்டுப் பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க.

அப்ப எனக்குப் பின்னாடி இருந்து ஒரு சத்தம். "சார், பாண்டி சொல்லிக்குடுத்தா நானும் பண்றேன் சார்." யாரு? இவதான். சொல்லிக்குடுத்தாவாம். நான் எப்படி அம்புட்டுப் பேருக்கு முன்னாடி மாட்டேன்னு சொல்ல முடியும்? பல்லக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

நாலு சனிக்கிழமை வந்தாக்கா. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு தூக்குவாளி நெறையப் பணியாரம். என் வீட்டுக்காரருக்கு அவ கைப் பணியாரம்னா உசுரு. "இவுகளுக்கு இருக்கிற கைப்பக்குவம் ஒனக்கு ஏன் வரல"ன்னு என் முன்னாடியே கேப்பாரு. அது வேற கதை, விடுங்க.

சொல்லிக்குடுத்தேன். குறை வைக்கல. கம்பை எங்க புடிக்கணும்னு மொதல்ல. நேரா நிக்க வச்சு, வலது கைய எட்டுன மட்டும் ஒசத்தி, அங்க புடி. இடது கை அதுக்குக் கீழ ஒரு முழம். புடிச்சுக்கிட்டு நட. ஓடாத, நட. இடது கால் விழும்போதெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வாய்விட்டு எண்ணு. கடைசி இடது கால் தரையில படுறதும் வலது கை தலைக்கு நேர் மேல நிக்கிறதும் ஒரே நேரத்துல நடக்கணும். கை மடங்கக் கூடாது. மடங்குனா கம்பு ஒன்னையத் தூக்காது, நெஞ்சுல தள்ளும். பாவம், நாப்பத்திரெண்டு வயசுல, இந்த ஒடம்பை வச்சுக்கிட்டு, சுடிதாரை இடுப்புல சொருகிக்கிட்டு, எங்க பள்ளிக்கூடத்துச் செவுத்துல கம்பை ஊனி ஊனிப் பாக்குறா. வாட்ச்மேன் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். இவளும் சிரிக்கிறா. அதான் எனக்குப் புரியாதது. எனக்கு ஒருத்தன் சிரிச்சா மூணு நாளைக்குத் தூக்கம் வராது. இவளுக்கு அதெல்லாம் ஒட்டவே ஒட்டாது.

அடுத்தது மணல். லாங்ஜம்ப் குழிக்கு முன்னாடி பெஞ்சைப் போட்டு, அதுமேல ஏறி நின்னு, கம்பை மணல்ல ஊனி, தொங்கிக்கிட்டே எறங்கணும். குதிக்கக் கூடாது, தொங்கணும். கம்பு ஒன்னையக் கொண்டுபோய் எறக்கிவிடும், நீ விட்டுராம இரு, அம்புட்டுத்தான். அதை இவ மொதத் தடவை பண்ணுனப்ப "ஏ பாண்டி, பறக்குறேன்டி"ன்னு கத்துனா. ரெண்டு அடிதான் பறந்தா. ஆனா மூஞ்சியப் பாக்கணுமே, சின்னப் புள்ளையாட்டம் இருந்துச்சு. எனக்கு மொதத் தடவை அப்படி இருந்துச்சான்னு யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. மெடல்தான் ஞாபகம் இருக்கு.

அப்புறம் பெஞ்சு இல்லாம மூணு எட்டு, அஞ்சு எட்டு நடந்து வந்து ஊனுறது. ரெண்டு காலும் சேந்து நல்லாத் தள்ளி விழுந்தா மட்டும் கைய நாலு விரக்கடை மேல ஏத்திப் புடிக்கிறது. அப்புறம் காலை வீசுறது, திரும்பி வந்த வழியப் பாத்து எறங்குறது. எல்லாத்தையும் எழுதிக்கிட்டா. படம் வேற போட்டுக்கிட்டா. குச்சி குச்சியா மனுசங்க.

நாலாவது சனிக்கிழமை கெளம்பறப்ப கேட்டா. "எல்லாம் சரி பாண்டி, குறுக்குக் கம்பி எப்ப வைக்கணும்?"

இங்கதாங்கா கொஞ்சம் நில்லுங்க. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாரோ, நான் யாரோ.

ரெண்டு மாசத்துல வைக்கலாம். மூணு மாசம்கூடப் போகட்டும். எனக்குக் காலேஜுல ஆறாவது வாரமே வச்சாங்க. அது எனக்குத் தெரியும். போட்டி டிசம்பர்ல. ரெண்டு மாசம்னு சொன்னா இவளும் புள்ளைகளைக் கூட்டிட்டு டிசம்பர்ல வந்து நிப்பா. அது மனசுல ஓடுச்சு. வாய் தானாச் சொல்லுச்சு: "ஒரு வருசத்துக்குக் கம்பியக் கண்ணுலயே காட்டாத பிலோ. மணல், மணல், மணல்தான். கம்பியப் பாத்துட்டா புள்ளைக கம்பை மறந்துரும்."

அவ அப்படியே எழுதிக்கிட்டா. எழுதி அடிக்கோடு வேற போட்டா. "நீ சொல்லலைன்னா நான் தப்புப் பண்ணியிருப்பேன்டி"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. பொய்னு சொல்ல முடியாதுக்கா அதை. மணல்ல கூடுதலா இருந்தா யாருக்கு என்ன நட்டம்? கால் ஒடியுமா, கை ஒடியுமா? கொஞ்சம் லேட்டாகும், அம்புட்டுத்தான்.

நான் என் புள்ளைகளுக்கு அஞ்சாவது வாரம் கம்பி வச்சேன். பழைய மெத்தைகளை அடுக்கி, மேல தார்ப்பாய் போட்டு, ஒன்றரை மீட்டர்ல. அதுல சங்கவின்னு ஒரு புள்ள, எட்டாவது. காத்தாட்டம் ஓடும். சொன்னதைச் சொன்னபடி செய்யும். ஏன் எதுக்குன்னு கேக்காது. அந்த டிசம்பர்ல ஒண்ணு எம்பதுல மொதப் பரிசு வாங்குச்சு. அன்னைக்கும் போட்டோ வந்துச்சு பேப்பர்ல. முழு மூஞ்சி. ஆமா, போட்டியில மொத்தம் ரெண்டே புள்ளைக, ரெண்டும் என் புள்ளைகதான். அதுக்கென்ன இப்ப? மத்தவங்களை யாரு வரவேணாம்னா?

சரி, சரி. அதையும் நானே சொல்லிட்டேன்.

பிலோமினா அன்னைக்குச் சும்மா வந்திருந்தா. புள்ளைக யாரும் இல்லாம. கேலரியில நின்னு கையத் தட்டுறா, விசிலடிக்கிறா. "என் புள்ளைக இன்னும் மணல்லதான் பாண்டி. அடுத்த வருசம் பாப்போம்"னு சொல்லிட்டுப் போறா. வருத்தம் ஒரு துளி இல்ல அந்த மூஞ்சியில. வருத்தப்பட்டிருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேன்னு நெனைக்கிறேன். சத்தியமா. சந்தோசமா நின்னவகிட்ட என்னத்தைச் சொல்ல?

அப்புறம் பங்குனி மாசம். எனக்கு இருப்புக் கொள்ளல. என்னதான் பண்றான்னு பாக்கணும்னு ஒரு இது. ஞாயித்துக்கிழமை, இதே பஸ்ல ஏறி, அவ ஊருக்குப் போனேன். அவ பள்ளிக்கூடம் ஆத்தங்கரையில இருக்கு. ஆத்துல எங்க தண்ணி? அங்கிட்டு இங்கிட்டு எல்லாம் மணல். என் பள்ளிக்கூடத்துல இருக்கிறது மூணு பேர் படுத்தா நெறைஞ்சு போற லாங்ஜம்ப் குழி. இவளுக்கு ஒரு ஆறே குழி. அப்பவே வயிறு எரிஞ்சுச்சு.

பாலத்துக்கு மேல, கருவேலமரத்து மறைவுல நின்னு பாத்தேன். பதினஞ்சு புள்ளைக. ஆறாவது படிக்கிற பொடிசுலருந்து பத்தாவது வரைக்கும். வரிசையா வருதுக, மூங்கில் கம்பை ஊனுதுக, மேல போகுதுக, காலை வீசுதுக, திரும்பி எறங்குதுக. விழுந்தா சிரிக்குதுக. இவ மணல்ல உக்காந்துக்கிட்டு, குதிகாலால கோடு கோடாப் போட்டு வச்சிருக்கா. எந்தக் கோட்டுக்குப் போறேன்னு ஒவ்வொண்ணும் கத்திட்டு ஓடிவருது. அந்தக் கோடு நான் சொல்லிக்குடுக்கல. எனக்கு அது தோணவே இல்ல. ஒசரத்துக்குப் பதிலாத் தூரத்தை வச்சுட்டா. எம்புட்டு ஒசரம் போறோம்னு அதுகளுக்கே தெரியல, ரெண்டு மீட்டரைச் சும்மாத் தாண்டிப் போயிக்கிட்டு இருக்குதுக. எனக்குத் தெரியுதுல்ல? கீழருந்து பாக்குறவளுக்குத் தெரியாது, பாலத்து மேலருந்து பாக்குறவளுக்குத் தெரியும்.

அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஒரு பொடிசு கத்துச்சு, "கம்பு மிஸ், இப்ப என்னையப் பாருங்க"ன்னு. கம்பு மிஸ்ஸாம். அவளைக் கூப்புடுது. எனக்குக் காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன மாதிரி இருந்துச்சு. எறங்கிப் போய்ப் பேசல. அடுத்த பஸ்ல திரும்பிட்டேன்.

இந்த வருசம் ஆடி மாசம் சங்கவிக்கு ஒண்ணு நடந்துச்சு. பெருசா ஒண்ணுமில்ல. தாண்டுறப்ப கம்பி மேலயே வந்து விழுந்துட்டா. கெணுக்கால் எலும்புல அடி. ரெண்டு நாள் நொண்டுனா, சரியாப் போச்சு. கால் சரியாப் போச்சு. ஆனா அதுக்கப்புறம் ஓடியாறா, நல்லா ஓடியாறா, கடைசி மூணு எட்டுல கண்ணு மேல போயிருது. கம்பியப் பாக்குறா. பாத்ததும் கை மடங்கிருது. மெத்தையில மோதி நிக்கிறா.

என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியாதாக்கா? கம்பியக் கழட்டி வச்சுட்டு, மணலுக்குக் கூட்டிட்டுப் போகணும். தொங்கவிடணும். மூணு எட்டு, அஞ்சு எட்டுன்னு மறுபடி மொதல்லருந்து வரணும். பயம் தானாப் போயிரும். ரெண்டு மாசம் போதும். ராத்திரி பகலா அதான் ஓடுது மண்டையில. ஆனா மணலுக்குப் போனா? அது பிலோமினா வழியில்ல? அவ பண்றதைப் பாத்து நான் பண்ணுனேன்னு ஆயிராதா? அவளுக்குச் சொல்லிக்குடுத்தவ நான். நான் போயி அவளைப் பாத்துக் காப்பியடிக்கவா? அதனால திட்டுனேன். கம்பியப் பத்து சென்டிமீட்டர் ஏத்தி வச்சேன், ரோசம் வரட்டும்னு. "பயந்தாங்கொள்ளி, சின்னப் புள்ளைக பாத்துச் சிரிக்குதுக பாரு"ன்னேன். அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, கம்பைத் தூக்கிட்டு, மறுபடி ஓடப் போவா.

போன செவ்வாக்கிழமை போட்டி. பிலோமினா நாலு புள்ளைகளோட வந்து எறங்குறா. எல்லாத்துக்கும் ஒரே நீலத்துல டிராக்சூட். இவளுக்கும் அதுல ஒண்ணு. நான் போய் "எப்ப கம்பி வச்ச?"ன்னு கேட்டேன். "நீ சொன்ன மாதிரி ஒரு வருசம் முடிஞ்சுதான் பாண்டி. மொதல்ல எலாஸ்டிக் நாடா கட்டுனேன். அது கம்பின்னே அதுகளுக்குத் தெரியல, அதுபாட்டுக்குத் தாண்டிட்டுப் போகுதுக"ன்னா. சிரிச்சா. தெரிஞ்சு சிரிக்கிறாளா, தெரியாமச் சிரிக்கிறாளான்னு அவ மூஞ்சியவே பாத்தேன். ஒண்ணும் புடிபடல.

ஆரம்ப ஒசரம் ஒண்ணு எழுவது. சங்கவி போன வருசம் தாண்டுனதுக்கும் கீழ. மொதத் தடவை ஓடியாந்தா, மெத்தையில மோதி நின்னா. செவப்புக் கொடி. ரெண்டாவது தடவை, செவப்புக் கொடி. மூணாவதுக்கு முன்னாடி என்னையத் திரும்பிப் பாத்தா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நான் பிலோமினாவைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ மூஞ்சியில ஏதாச்சும் தெரியுதான்னு. சங்கவி பாத்தது எனக்கு அப்புறம்தான் ஒறைச்சுச்சு. மூணாவதும் செவப்புக் கொடி. மூணு தடவை தப்புனா போட்டியில இல்ல.

பிலோமினா புள்ளைக நாலும் ரெண்டு மீட்டர் தாண்டிருச்சுக. அந்தப் போட்டோவுல இருக்கிற புள்ள ரெண்டு இருவது.

பரிசு குடுக்குறப்ப ஆய்வாளர் சார் மைக்கை இவ கையில குடுத்து, எப்படி இப்படித் தயார் பண்ணுனீங்க, ரெண்டு வார்த்தை சொல்லுங்கன்னாரு. இவ என்ன சொன்னா தெரியுமாக்கா? "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது சார். எல்லாம் பாண்டீஸ்வரி டீச்சர் சொல்லிக்குடுத்தது. அதுலயும் ஒரு வார்த்தை சொன்னாங்க, ஒரு வருசத்துக்குக் குறுக்குக் கம்பியக் கண்ணுலயே காட்டாதன்னு. அந்த ஒரு வார்த்தைதான் சார். வேற யாராயிருந்தாலும் எனக்கு இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க"ன்னா. மேடையிலருந்து எறங்கி வந்து, என்னையக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயி பக்கத்துல நிறுத்துனா. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சுத் தட்டுறாங்க. அப்ப எடுத்த போட்டோதான் இது.

நான் நின்ன நெலைமைய நெனச்சுப் பாருங்க. திட்டியிருந்தா திருப்பித் திட்டலாம். இது என்னக்கா? இவ தெரிஞ்சு சொன்னாளா, தெரியாமச் சொன்னாளா? தெரிஞ்சு சொல்லியிருந்தா அதைவிடப் பெரிய அடி கெடையாது. தெரியாமச் சொல்லியிருந்தா, அதுவும் அடிதான். இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஆய்வாளர் சார் அந்த எடத்துலயே சொல்லிட்டாரு, வர்ற சனிக்கிழமை பிலோமினா பள்ளிக்கூடத்து மணல்ல எல்லா பிடி டீச்சருங்களுக்கும் பயிற்சி, பாண்டீஸ்வரி டீச்சர் நடத்துவாங்கன்னு. அதுக்குத்தான் இப்பப் போயிக்கிட்டு இருக்கேன். நாப்பது பேரு வர்றாங்க. மாவட்டம் முழுக்க இனிமே என் மொறைதான். நான் ஆசைப்பட்டது இதுதானே? கெடைச்சிருச்சுல்ல?

ஆமாக்கா. பொறாமைதான். நீங்க அப்பவே கேட்டீங்க. எம்புட்டு நேரம்தான் இல்லை இல்லைன்னு சொல்றது. அவ சிரிப்பைப் பாத்தா பொறாமை, அவ மணலைப் பாத்தா பொறாமை, அவ புள்ளைக அவளைக் கூப்புடுறதைக் கேட்டா பொறாமை. பணியாரம் வரைக்கும் பொறாமை.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. அன்னைக்குப் போட்டி முடிஞ்சு திரும்புறப்ப நானும் சங்கவியும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. பாதி வழியில கேட்டா. ஏன் எதுக்குன்னு கேக்காத புள்ளைன்னு சொன்னேன்ல, அதுதான் கேட்டுச்சு. "மிஸ், அந்த மிஸ்ஸுக்குச் சொல்லிக்குடுத்ததை எங்களுக்கு ஏன் மிஸ் சொல்லிக்குடுக்கல?"

கோவமாக் கேட்டிருந்தா அதட்டியிருப்பேன். கோவம் இல்ல. தெரிஞ்சுக்கணும்னு கேக்குறா. அந்த நிமிசம் உண்மையச் சொல்லியிருக்கலாம். அவளை ஏமாத்தத்தான்டி அப்படிச் சொன்னேன், அது நல்லதா முடிஞ்சுருச்சு, ஒனக்குச் செஞ்சதுதான் தப்புன்னு. நாலு வார்த்தை. வரல. வேற வார்த்தை வந்துச்சு. "ஒனக்கு அதெல்லாம் தேவையில்லைன்னு நெனச்சேன்டி. மணல்ல ஒரு வருசம் கெடக்குறது மந்தமான புள்ளைகளுக்கு. நீ கெட்டிக்காரி, நேராக் கம்பிக்கே போயிருவன்னு நெனச்சேன்"னு.

நம்பிட்டாக்கா. மூஞ்சி மலர்ந்துச்சு. ஒரு நிமிசம்தான். அப்புறம் அப்படியே சுண்டிப் போச்சு. அவ எதையோ கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கான்னு மட்டும் தெரிஞ்சுச்சு, என்னன்னு தெரியல. என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் கிரவுண்டுக்கு வரல. ஆள் அனுப்புனேன், தலைவலின்னு சொல்லிட்டாளாம்.

இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புக்கு வர்றேன், நிக்கிறா. தலையச் சீவி, யூனிபார்ம் போட்டு. "எங்கடி?"ன்னேன். "உங்க கூடத்தான் மிஸ். இன்னைக்கு மணல்ல சொல்லிக்குடுப்பீங்கல்ல, ஓரமா நின்னு பாத்துக்கிறேன்"னா. நீதான் கம்பி தாண்டுனவளாச்சே, ஒனக்கு எதுக்குன்னு கேட்டேன். அதுக்கு அவ சொல்றா, எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி என் பையை வாங்கித் தன் தோள்ல மாட்டிக்கிட்டுச் சொல்றா: "நீங்க என்னைய ரொம்ப ஒசத்தியா நெனச்சுட்டீங்க மிஸ். தப்பு உங்க மேல இல்ல. நான் அம்புட்டுக் கெட்டிக்காரி இல்ல. எனக்கும் ஒரு வருசம் வேணும்."

மூணு நாளா வீட்டுக்குள்ள உக்காந்து அந்தப் புள்ள இதைத்தான் யோசிச்சிருக்கு. நான் மந்தம்னு. எங்க மிஸ்ஸை ஏமாத்திட்டேன்னு.

மெதுவாப் பேசுங்கக்கா. டிரைவருக்குப் பின் சீட்டு, ஜன்னலோரம், ரெட்டைச் சடை. ஆமா, அவதான். எடம் இல்லாம அங்க உக்காந்திருக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல நாப்பது பேருக்கு முன்னாடி நான் நின்னு, கம்பியக் கண்ணுலயே காட்டாதீங்கன்னு சொல்லப் போறேன். எல்லாரும் எழுதிக்குவாங்க. அந்தப் புள்ளையும் நின்னு கேட்டுக்கிட்டு, தன்னைய மந்தம்னு நெனச்சுக்கிட்டு, ஆறாவது படிக்கிற பொடிசுகளோட வரிசையில போய் நிக்கும்.

என்ன, எந்திரிக்கிறீங்க? உங்க ஸ்டாப் வந்துருச்சா? பாத்து எறங்குங்க. முன்வாசல் வழியா எறங்கணும்னா அவளைத் தாண்டித்தான் போகணும். அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்கக்கா. பாத்து ஒரு மாதிரி சிரிச்சுக்கூட வச்சுராதீங்க, அவ உத்துப் பாப்பா. நான்தான் சொல்லணும்.

இன்னும் நாலு ஸ்டாப் இருக்கு.